மருந்துக்கு ஒரே பொருள்

பரளச்சி
18 ஜூன் 2024

அமுதா,

நல்லாயிருக்கியா? மாசாமாசம் சென்னைக்குப் போற வருகைப் பதிவுத் தாளோட இந்தக் கடுதாசியையும் மடிச்சு வச்சிருக்கேன். போன் போட்டா மீட்டிங்குல இருக்கேங்கிற. கம்ப்யூட்டர்ல 'கருத்து'ன்னு ஒரு கட்டம் குடுத்திருக்கீங்க, ரெண்டு வரி அடிச்சா மூணாவது வரிய வாங்க மாட்டேங்குது. அதான் பேனாவ எடுத்தேன். நாம ரெண்டு பேரும் பி.ஏ. தமிழ் பரீட்சை எழுதுனதுக்கு அப்புறம் இவ்வளவு நீளமா நான் எதையும் எழுதுனதில்ல.

விசயத்துக்கு வாரேன். புதுசா அனுப்புன லேபிள் வழிகாட்டியில 'மருந்து'ங்கிற சொல்லுக்கு ஒரே ஒரு பொருளுதான் போட்டிருக்கு. போன மாசம் வரைக்கும் மூணு இருந்துச்சு. ஆஸ்பத்திரி மருந்து, பயிருக்கு அடிக்கிற மருந்து, வெடி மருந்து. வாக்கியத்தப் படிச்சு, இது எந்த மருந்துன்னு பாத்து லேபிள் போட்டோம். இப்ப எல்லாத்துக்கும் கண்ண மூடிக்கிட்டு ஒண்ணுன்னு போடச் சொல்லுது.

நேத்து சுவாதி ஒரு வாக்கியத்தக் காட்டுனா. அருப்புக்கோட்டையில லேபிள் போடுற நம்ம ரூம்புல ஒம்பது பேருல அவதான் இளசு, எதையும் கேக்காமப் போட மாட்டா. "எங்க வீட்டுக்காரரு மருந்தக் குடிச்சுட்டாரு." யாரோ ஒருத்தி வைத்திய உதவி நம்பருக்குப் போன் போட்டுச் சொன்னது. "அக்கா, இது எந்த மருந்து?"ன்னு கேட்டா. ஒனக்கும் எனக்கும் தெரியும் அது எந்த மருந்துன்னு.

நல்லாக் கவனிச்சுப் பாரு. ஆஸ்பத்திரி மருந்த நம்மூர்ல யாரும் அப்படிச் சொல்றதில்ல. மாத்திர போட்டாகம்பாக. டானிக்கு குடிச்சாகம்பாக. பிள்ளைகள "மருந்து குடிச்சியா?"ன்னு கேப்பாக. 'மருந்தக் குடிச்சுட்டான்'னு வந்தா அது வேற. 'மருந்து' இல்ல, 'மருந்த'. 'குடிச்சான்' இல்ல, 'குடிச்சுட்டான்'. அந்த ரெண்டும் சேந்து வந்தாலே கேக்குறவுக எந்திரிச்சு ஓடுவாக. விஷம்னு வாயத் தொறந்து யாரும் சொல்ல மாட்டாக. போலீசு வருமேன்னு பயம், நாளைக்கு இந்த வீட்டுல பொண்ணு எடுப்பாகளான்னு பயம்.

ஜனங்க பேசுறத மிசினு கேட்டு, எந்தப் போன டாக்டருகிட்ட முதல்ல குடுக்கணும்னு பிரிக்கும்னு நீதான சொன்ன? உடனே, இன்னைக்குள்ள, பொறுக்கலாம்னு மூணு அடுக்கு. இந்தப் போன எந்த அடுக்குல வைக்கும்? யோசிச்சு எழுது. நீ எழுதுற வரைக்கும் மருந்து வர்ற வாக்கியத்தையெல்லாம் ஒதுக்கி வச்சிருக்கேன். சூப்பர்வைசர் இன்பராஜ் சார் மொறைக்கிறாரு.

லட்சுமி


சென்னை
2 ஜூலை 2024

அன்புள்ள லட்சுமி,

உன் கையெழுத்தைப் பார்த்து எவ்வளவு நாளாகிவிட்டது. இன்னும் 'ற'வின் வாலை நீட்டிக்கொண்டுதான் இருக்கிறாய். பதிலும் கையாலேயே எழுதுகிறேன். எழுதிப் பழக்கம் விட்டுப்போன கை, பொறுத்துக்கொள்.

மூன்றாகப் பிரித்தபோது என்ன நடந்தது தெரியுமா? நூறு வாக்கியம் கொடுத்தால் முப்பதில் உங்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. ஒருத்தி ஒன்று என்றால் இன்னொருத்தி இரண்டு என்கிறாள். குறிப்பவர்கள் ஒத்துப்போகாத இடத்தில் இயந்திரம் எதைக் கற்கும்? அதனால்தான் ஒன்றாக்கினேன். ஒன்றாக்கியதும் இயந்திரத்தின் மதிப்பெண் ஏறியது.

மதிப்பெண்ணுக்காக மட்டும் செய்யவில்லை. இந்த ஒரு சொல்லோடு ஆறு வருடம் குடித்தனம் நடத்தித்தான் டாக்டர் பட்டம் வாங்கினேன், உனக்குத் தெரியும். ஒரு பெயர்ச்சொல்லுக்குள்ளே சில கேள்விகளுக்கு விடை இருக்கிறது: இது எதனால் ஆனது, எப்படி உண்டானது, எதற்காக இருக்கிறது. பக்கத்தில் வரும் வினைச்சொல் தனக்கு வேண்டிய விடையை எடுத்துக்கொள்ளும். 'புத்தகம் கிழிந்துவிட்டது' என்றால் தாள். 'புத்தகம் புரியவில்லை' என்றால் உள்ளே எழுதியிருப்பது. அதற்காகப் புத்தகம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் என்று நாம் சொல்வதில்லை. மருந்தும் அப்படித்தான். மனிதர் ஆக்கியது, இட்டால் வேலை செய்வது; அதுதான் கரு. 'அடி' வந்தால் பயிர். 'இடி' வந்தால் வெடி. 'குடி' வந்தால் நோயாளி.

நீ சொன்ன 'ட்டா' நல்ல கவனிப்பு. ஆனால் இந்த மென்பொருள் விகுதி, வேற்றுமை எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வேரை மட்டும்தான் பார்க்கும். அதற்குத் தெரிவது 'மருந்து', 'குடி' இரண்டுதான். இப்போது அதை மாற்ற முடியாது.

இன்னொன்று, உனக்கு மட்டும். இங்கே என்னைத் தவிர எல்லோரும் கணினிப் படிப்பு. 'மொழியியலும் வேண்டாம், சொற்பொருள் அகராதியும் வேண்டாம், நிறையத் தரவைக் கொட்டினால் இயந்திரம் தானே கற்றுக்கொள்ளும்' என்று தினமும் சொல்கிறார்கள். என் அகராதியால் பயன் உண்டு என்று இந்த மாத இறுதிக்குள் காட்டியாக வேண்டும். காட்டாவிட்டால் அதைத் தூக்கி எறிவார்கள், உங்கள் அறையையும் மூடுவார்கள். இந்த ஒரு முறை ஒன்று என்றே போடச் சொல்.

அன்புடன்,
அமுதவள்ளி


பரளச்சி
15 ஜூலை 2024

அமுதா,

ஒண்ணுன்னே போட்டாச்சு. சுவாதி போட்டா, கூட வேல பாக்குற சுந்தராம்பா போட்டா, மூணாவதா நான் போட்டேன். மூணு பேரும் ஒத்துப்போயிட்டோம், சந்தோசமா?

நீ எழுதுனத ரெண்டு தடவ படிச்சேன். புத்தகம் விசயம் வெளங்குச்சு. ஆனா புத்தகத்த யாரும் குடிக்கிறதில்ல.

உதவி நம்பர் நோட்டீசு கட்டு வந்துச்சு. ஊர்ல எல்லா வீட்டுலயும் ஒட்டச் சொல்லியிருக்காக. ஞாயித்துக்கிழமை ஒட்டுறேன்.

லட்சுமி


பரளச்சி
9 டிசம்பர் 2024

அமுதா,

இத கூரியர்ல வைக்கல. தபால்ல போடுறேன். ஆபீசு ஆளுக கையில பட வேணாம். அன்னைக்குப் போன்ல நான் கத்துனது கத்துனதுதான், அதுக்கு நான் வருத்தப்படல. நீ கட் பண்ணிட்ட. அதுனால நடந்தத வரிசையா எழுதுறேன். முழுசாப் படி.

வியாழக்கிழமை எனக்கு லீவு. சாயங்காலம் நாலு மணி இருக்கும். மழ விட்டு வெயிலடிச்சதுனால ஊரே காட்டுல கெடந்துச்சு. மக்காச்சோளத்துல புழு, எல்லாரும் மருந்தடிச்சுக்கிட்டு இருந்தாக. நான் வாசல்ல வத்தல் அள்ளிக்கிட்டு இருந்தேன். எங்க வீட்டுல இருந்து மூணாவது வீடு பாண்டிராஜ் வீடு. அவம் பொண்டாட்டி முத்துத்தாய் போனக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடியாந்தா. சேலத் தலப்பு தரையில இழுபடுது. பேச்சு வரல. போனு மட்டும் பேசுது.

"நீங்கள் மருந்து உட்கொண்டதாகப் புரிந்துகொண்டோம். மருந்தை உணவுக்குப் பின் உட்கொள்வது நல்லது. மருத்துவரிடம் பேசக் காத்திருங்கள். உங்கள் வரிசை எண் பதினேழு."

அமுதா, அந்தக் குரலு எனக்குத் தெரியும். ரூம்புல எத்தன மாசம் அதுக்குப் பேசக் கத்துக்குடுத்திருக்கோம். அது முடிஞ்சு, ஒரு பாட்டுப் போட்டு, மறுபடியும் முதல்ல இருந்து சொல்லுது. முத்துத்தாய் எங்கிட்ட, "மதினி, பேசுதே ஒழிய ஆள அனுப்ப மாட்டேங்குதே"ன்னா.

ஆம்புலன்ஸுக்கு ஏன் முதல்ல அடிக்கலன்னு கேக்காத. அவ அடுப்படிச் சுவத்துல அந்த நோட்டீச ஒட்டுனது நான். "ஒடம்புக்கு என்னன்னாலும் இதுல பேசு, தமிழ்லயே பேசலாம், நம்ம பேச்சு அதுக்கு வெளங்கும்"னு சொன்னதும் நான்.

எங்க வீட்டுக்காரரு முத்துராமலிங்கம் காட்டுல இருந்து ஓடியாந்து, லோடு வண்டியப் பிடிச்சு, அருப்புக்கோட்டைக்குக் கொண்டு போனோம். அங்க இருந்து மதுரைக்கு அனுப்புனாக. வண்டியில பாண்டிராஜ் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தான். "மதினி, சட்டய மாத்தி விட்டிருக்கலாம்ல"ன்னான். காட்டுச் சட்டயோட டவுனுக்கு வாரோமேன்னு அவனுக்குக் கூச்சம். நேத்துக் காலையில போயிட்டான்.

ஏன் குடிச்சான்னு யாருக்கும் தெரியல. தெரிஞ்ச மாதிரி எல்லாரும் பேசுறாக.

முத்துத்தாய் போன்ல பாத்தேன். அந்த நம்பருல பதினோரு நிமிசம் நின்னிருக்கா. பெரிய டாக்டருகிட்டயே கேட்டேன், பதினோரு நிமிசம் முன்னால வந்திருந்தா பொழச்சிருப்பானான்னு. "யாராலயும் சொல்ல முடியாதும்மா"ன்னாரு. ஆமான்னாலும் பரவாயில்ல, இல்லன்னாலும் பரவாயில்ல, இப்படிச் சொல்லிட்டாரு.

இப்ப நீ எனக்கு எழுது.

லட்சுமி


சென்னை
21 டிசம்பர் 2024

லட்சுமி,

உன் கடிதம் வந்தது. மூன்று தடவை பதில் எழுதிக் கிழித்துவிட்டேன்.

பாண்டிராஜ் என்றால் பள்ளிக்கூடத்தில் நமக்கு ஒரு வகுப்பு மேலே படித்தவனா? கபடி ஆடுவானே? அவன்தான் என்றால் எழுத வேண்டாம். வேறு யாராவது என்றால் எழுது.

அலுவலகத்தில் அந்த அழைப்பின் பதிவை எடுத்துக் கேட்டுவிட்டார்கள். விசாரணை நடக்கிறது. அது முடியும்வரை இதைப் பற்றி வெளியே யாரிடமும் பேசக்கூடாது என்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். என்னிடமும். நிறையக் காரணங்கள் இருக்கலாம். பேச்சை எழுத்தாக்கும் பகுதியில் பிழை இருக்கலாம், வரிசைப்படுத்தும் பகுதியில் இருக்கலாம். முடிவு தெரியும் முன்பு நான் எதுவும் சொல்வது சரியாக இருக்காது.

முத்துத்தாய்க்குக் குழந்தைகள் உண்டா?

அமுதவள்ளி


பரளச்சி
20 ஜனவரி 2025

அமுதவள்ளி அம்மாவுக்கு,

அவனேதான். கபடி ஆடுறவந்தான். பொம்பளப் பிள்ள ஒண்ணு, பத்தாவது படிக்குது.

'சொல்வது சரியாக இருக்காது'ன்னு எழுதியிருந்த. எங்கிட்டயா அப்படி எழுதுன? ரூம்புல எத்தனையோ வாக்கியத்துக்கு லேபிள் போட்டிருக்கேன். இதுக்கு என்ன லேபிள் போடன்னு தெரியல.

உங்க விசாரணை முடிவு வந்துருச்சு. வெள்ளிக்கிழமை இன்பராஜ் சார் தாளோட வந்தாரு. 'அருப்புக்கோட்டை மையத்தில் குறிப்பாளர்கள் மூவர் ஒருமித்துத் தவறாகக் குறித்ததே காரணம்.' கீழ மூணு பேரு. தங்கலட்சுமின்னு நான், சுவாதி, சுந்தராம்பாள். ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடணுமாம். சுவாதி அழுதழுது வாந்தியெடுத்துட்டா. "அக்கா, நாந்தான் அந்த ஆளக் கொன்னுட்டேனா?"ன்னு கேக்குறா. சின்னப் பிள்ள. அவளுக்கு என்ன சொல்ல? சுந்தராம்பா, "சொன்னபடி செஞ்சோம், அதுக்கு ஒரு தாளு இருக்கா லட்சுமி?"ன்னா.

இருக்கு. ஜூலையில நீ எழுதுன கடுதாசி எங்க பீரோவுல இருக்கு. 'ஒன்று என்றே போடச் சொல்', உன் கையெழுத்து. அத நான் இன்பராஜ் சாருகிட்டக் குடுக்கல. பத்திரிகைக்காரவுகளுக்கும் அனுப்பல. கிழிக்கவும் இல்ல. பீரோவத் தொறக்கும்போதெல்லாம் கண்ணுல படுது.

[இங்கே ஒரு வரி அடிக்கப்பட்டிருக்கிறது.]

மேல அடிச்சத விட்டுரு. கோவத்துல வந்துருச்சு. வேற தாளு எடுத்து எழுதத் தெம்பில்ல.

கையெழுத்துப் போட அடுத்த மாசம் பத்தாம் தேதி வரைக்கும் டயம் குடுத்திருக்காக.

தங்கலட்சுமி


சென்னை
4 பிப்ரவரி 2025

லட்சுமி,

நீ அடித்த வரியை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். 'எங்க காட்டுல களையெடுத்தவ மக இன்னைக்கு எங்கள மாட்டிவிடுறா.' அம்மா உங்கள் காட்டில் களையெடுத்தது உண்மை. நான் உங்களை மாட்டிவிட்டதும் உண்மை. அடித்திருக்க வேண்டாம்.

கையெழுத்துப் போடாதே. சுவாதியையும் சுந்தராம்பாளையும் போடவிடாதே.

நேற்று அந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளும் கூட்டம். எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். உன் ஜூன் மாதக் கடிதத்தை எடுத்துப் போயிருந்தேன். எழுந்து வாசித்தேன். நீ எழுதியபடியே, உன் பேச்சிலேயே. மொறைக்கிறார் என்ற இடத்தில் ஒருவர் சிரித்தார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

மேலாளர் கேட்டார்: "இதை உங்களிடம் முன்பே சொன்னார்களா?"

"சொன்னார்கள். எழுதியே சொன்னார்கள்."

"நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"வேண்டாம் என்று எழுதினேன்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "இதை நீங்கள் இந்த அறையில் சொல்லாமல் இருந்திருக்கலாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்காக வருத்தப்படுவது போலச் சொன்னார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

எழுத்தில் கேட்டார்கள், எழுதிக் கொடுத்துவிட்டேன். பொருளை ஒன்றாக்கியது நான், எச்சரிக்கை வந்தும் மாற்றாதது நான், குறிப்பாளர்கள் என் உத்தரவைத்தான் செய்தார்கள். பத்தாம் தேதிக்குள் அந்தத் தாளைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள்.

இனி எழுதுவது உனக்கு. வேறு யாருக்கும் இதைச் சொன்னதில்லை.

ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் 'எதற்காக' என்ற கேள்விக்கு விடை உண்டு என்று எழுதியிருந்தேன் இல்லையா? அகராதியில் அதற்கு ஒரு கட்டம் உண்டு. மருந்துக்கு அந்தக் கட்டத்தில் 'குணமாக்க' என்று நிரப்பியிருந்தேன். ஒரு மனுசன் ஒரு பொருளைக் குடித்தால், அது எதற்காக இருக்கிறதோ அதற்காகத்தான் குடிப்பான் என்று என் கோட்பாடு நம்பியது. அந்தக் கட்டத்தில் பாண்டிராஜுக்கு இடமில்லை. கோட்பாட்டையே குறை சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்று இரண்டு நாள் நினைத்தேன். ஆனால் கட்டத்தை நிரப்பியது கோட்பாடு இல்லை, நான்.

எனக்கு அந்தப் பேச்சு தெரியாதா? நான் எட்டாவது படிக்கும்போது எங்கள் தெருவில் அழகுத்தாய் அத்தை செத்துப்போனது உனக்கு நினைவிருக்குமோ என்னவோ. "மருந்தக் குடிச்சுட்டாடீ" என்று அம்மா உலையை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். ஆய்வுக்கு வாக்கியங்கள் சேர்த்தபோது நான்காயிரம் சேர்த்தேன். எல்லாம் செய்தித்தாளும் அச்சுப் புத்தகமும். அங்கே 'பூச்சிக்கொல்லி அருந்தி' என்று இருக்கும், சிக்கலே இல்லை. எங்கள் தெரு வாக்கியத்தை நான் சேர்க்கவில்லை. பேராசிரியர் 'இதற்கு ஆதாரம் எது?' என்று கேட்டால் 'எங்கள் தெரு' என்று சொல்ல வேண்டும். கூச்சமாக இருந்தது. களையெடுக்கிறவள் மகள் என்று அங்கே யாருக்கும் தெரியாது, லட்சுமி. தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

நீ ஜூனில் எழுதியபோது எனக்குப் புரிந்தது. முதல் வாசிப்பிலேயே புரிந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

அமுதா


பரளச்சி
27 மார்ச் 2025

அமுதா,

கடுதாசி வந்து ரொம்ப நாளாச்சு. பதிலு எழுதத் தோணல. கோவம்னு இல்ல, அலுப்பு.

இன்பராஜ் சார் வந்து தாளத் திரும்ப வாங்கிக்கிட்டுப் போனாரு. 'நிர்வாகக் காரணங்களால்'னு ஏதோ சொன்னாரு. சுவாதிகிட்ட, "ஒன்மேல தப்பில்லன்னு சென்னையில எழுதிக் குடுத்திருக்காக"ன்னேன். அவ நம்பல. உன் கடுதாசியில அந்த எடத்த மட்டும் மடிச்சுக் காட்டுனேன். ரெண்டு தடவ படிச்சா. மறுநாள் பூ வச்சுட்டு வந்தா.

ஆனா ரூம்ப இந்த மாசக் கடைசியோட மூடுறாக. இனிமே மனுசரு லேபிள் போட வேணாமாம், மிசினே படிச்சுக்கிடுமாம். நாக்காலியெல்லாம் வண்டியில ஏத்தியாச்சு. சுவாதி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜவுளிக் கடைக்குப் போறா. மத்தவுக அவுகவுக பாட்டப் பாக்குறாக. நீ உண்மையச் சொன்ன, எங்க வேலையும் போச்சு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்குறேன். உன்னப் பாராட்டவும் முடியல, வையவும் முடியல.

ஒண்ணு எழுதத்தான் இன்னைக்கு உக்காந்தேன். முத்துத்தாய்.

அவளுக்கு மிசினு, அகராதி, எதுவும் தெரியாது. அவ என்ன நெனச்சுக்கிட்டு இருக்கான்னு எனக்குப் போன வாரந்தான் தெரிஞ்சது. தண்ணி எடுக்கப் போன எடத்துல ஒருத்திகிட்டச் சொல்லிக்கிட்டு இருந்தா. "பதட்டத்துல நான் வெளங்காமப் பேசிட்டேன். டவுனு ஆளுகளுக்குப் புரியுற மாதிரிச் சொல்லியிருந்தா உடனே வந்திருப்பாக. படிக்காத முண்ட, என் வாயாலதான் அவுக போனாக." இதையே எல்லாருகிட்டயும் சொல்றா. ராத்திரி பகலுன்னு இல்ல, தனியா இருந்தாலும் அந்த வாக்கியத்தையே வேற வேற மாதிரிச் சொல்லிப் பாக்குறாளாம். மக சொல்லி அழுவுது. "எங்கம்மா 'விஷம்'னு சொல்லியிருந்தா வெளங்கியிருக்குமோ, 'பூச்சி மருந்து'ன்னு சொல்லியிருந்தா வெளங்கியிருக்குமோன்னு கேட்டுக்கிட்டே இருக்கு பெரியம்மா."

நான் சொன்னேன், நீ ஒழுங்காத்தான் சொன்ன முத்துன்னு. "மதினி, மனசுக்கு ஆறுதலாச் சொல்றீக"ன்னா. நான் சொன்னா அது ஆறுதலு. நான் பக்கத்து வீட்டுக்காரி.

நீ வரணும். மன்னிப்புக் கேக்க வர வேணாம், அது உன் பாடு. அவ சொன்னது சரின்னு, அந்த மிசினுக்குச் சொல்லிக் குடுத்தவ வாயால சொல்லணும். அதுக்கு வா.

லட்சுமி


சென்னை
12 ஏப்ரல் 2025

லட்சுமி,

வருகிறேன். இருபத்தாறாம் தேதி சனிக்கிழமை. திருச்சுழியில் அண்ணன் வீட்டில் இறங்கிவிட்டு, காலை பஸ்ஸில் பரளச்சிக்கு வந்துவிடுவேன்.

வேலையை விட்டுவிட்டேன். அவர்களும் இருக்கச் சொல்லவில்லை. அகராதியை எடுத்துவிட்டார்கள். நீ எழுதிய 'மருந்தக் குடிச்சுட்டாரு' மட்டும் உள்ளே இருக்கிறது. அந்த வடிவத்தில் பேச்சு வந்தால் கேள்வி கேட்காமல் ஆளிடம் இணைக்கும்படி நானே கடைசி நாளில் எழுதி வைத்தேன். ஒரு சொல்லை வேராகக் கழற்றாமல் முழுசாகப் படிக்க வைக்க அரை நாள்தான் ஆனது. முடியாது என்று உனக்கு எழுதியிருந்தேன்.

அலுவலகத்தில் நான் போட்டுக் கொடுத்த கையெழுத்துப்படி முத்துத்தாயிடம் நான் எதுவும் பேசக்கூடாது. பேசத்தான் வருகிறேன்.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பஸ் ஸ்டாப்புக்கு வந்து நில். நான் திரும்பி ஏறிவிடாமல் பார்த்துக்கொள்.

அமுதா


பரளச்சி
19 மே 2025

அமுதா,

நீ வந்துட்டுப் போயி மூணு வாரத்துக்கு மேல ஆச்சு. அங்க வேற வேல ஏதும் கிடைச்சதா? இங்க அக்கினி வெயிலு, வெளிய தல காட்ட முடியல.

அன்னைக்கு நீ அவ முன்னால தரையில உக்காந்தப்ப, பேசாமலே எந்திரிச்சுருவியோன்னு எனக்குப் பயம். ஆரம்பிச்சது சென்னைப் பேச்சு. "உங்கள் அழைப்பு" அப்படின்ன. அவ முழிச்சா. அதுக்கப்புறம் நீ நிப்பாட்டி, நம்ம பேச்சுல சொன்ன பாரு. "நீங்க சொன்னது வெளங்குற மாதிரித்தான் இருந்துச்சு மதினி. எங்கம்மா கேட்டிருந்தா ஓடியாந்திருக்கும். மிசினுக்கு நாந்தான் தப்பாச் சொல்லிக் குடுத்தேன். லட்சுமி வேணாம்னு சொல்லியும் குடுத்தேன்."

அவ, "அப்ப, நல்லாச் சொல்லிக் குடுத்திருந்தா அவுக இருந்திருப்பாகளா?"ன்னு கேட்டா. நீ "தெரியாது மதினி"ன்ன. அந்த நிமிசம் உன்மேல எனக்கு வந்த கோவம் இருக்கே. ஏதாவது ஒண்ணச் சொல்லித் தொலையக் கூடாதான்னு நெனச்சேன். எந்தப் பொய்யச் சொல்லியிருக்கணும்னு அப்புறம் யோசிச்சேன், எனக்கும் வெளங்கல. அவ காப்பி போட்டுக் குடுத்தா, நீயும் குடிச்ச, பஸ்ஸேறிட்ட.

அதுக்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியாது. ரெண்டு நாளு அவ கதவத் தொறக்கல. மூணாம் நாளு ரேசன் கடை வரிசையில ஆரம்பிச்சா. உன் பேரு, உங்க தெரு, நீ படிச்ச படிப்பு, ஒண்ணு விடல. "பட்டணத்துல உக்காந்து என் பேச்சுக்கு அர்த்தம் எழுதுனவ வந்து என் வீட்டுக் காப்பியக் குடிச்சுட்டுப் போறா"ன்னு மண்ண வாரித் தூத்துனா. ஊரே கேட்டுச்சு. அன்னைக்கு இங்க வந்திருந்த சுந்தராம்பா, "அந்தப் பிள்ள தானா வந்து ஒத்துக்கிட்டுச்சு, அதப் போயி இப்படியா?"ன்னு எந்திரிச்சா. நான் கையப் பிடிச்சு உக்கார வச்சேன். இன்னைக்கு வரைக்கும் நிப்பாட்டல. வாரத்துல ரெண்டு நாளாச்சும் உனக்கு வசவு விழுகுது.

உனக்காகப் பேசணும்னு எனக்கும் நாக்கு துடிக்குது. பேச மாட்டேன். கோவிச்சுக்கிடாத.

வெங்காயம் கேட்டு நேத்து எங்க வீட்டுக்கு வந்தா. பக்கத்துத் தெருக்காரி ஒருத்தி இருந்தா, விசாரிக்கிற மாதிரி, "நீ அன்னைக்குச் சரியாச் சொல்லலையாமே?"ன்னு இழுத்தா. முத்துத்தாய் அவளத் திரும்பிப் பாத்து, "யாரு சொன்னா? நான் ஒழுங்காத்தான் சொன்னேன்"னா. வெங்காயத்த மடியில வாங்கிக்கிட்டுப் போயிட்டா. அவ மக சொன்னுச்சு, அம்மா இப்ப தனியாப் பேசுறதில்லயாம், தூங்குதாம்.

கொஞ்ச நாளைக்கு நீ பரளச்சிப் பக்கம் வராத. திருச்சுழிக்கு வந்தா ஒரு போன் போடு, நான் பஸ்ஸேறி வந்து பாத்துட்டுப் போறேன்.

லட்சுமி